ஆலைச் சங்கும் ஆலோசனையும்

தமிழ்நாட்டின் அலுவலகங்களிலும் ஆலைகளிலும் நெடுங்காலமாகப் புழங்கிவந்த மூன்று சொற்களை முதற்கண் எடுத்துக்கொள்வோம். ஆஜர், தாக்கீது, ரஜா என்பன அவை. மூன்றும் அரபி மூலம் உடையவை. பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்து சேர்ந்தவை. முன்னிலையில் இருப்பவர் என்னும் பொருள்படும் 'ஹாளிர்' என்பதே ஆஜர் ஆயிற்று. வலியுறுத்திக் கூறுதல் என்னும் பொருளுடைய 'தஃகீத்' தாக்கீது ஆயிற்று. 'ரிளா' என்னும் சொல் ரஜாவாகி, விடுமுறை என்னும் பொருளில் நிலைத்துவிட்டது. ஆனால் ரிளாவின் மூலப்பொருள் விடுமுறையன்று. இசைவு, மனநிறைவு என்பதே.

ஆஜரும் தாக்கீதும் தம் பழைய பொருளோடு இன்றும் வாழ்கின்றன. ரஜா ஒன்றுதான் தன் உட்பொருளை இழந்தது. இரு தரப்பும் மனமொப்புதலைக் குறித்த சொல், மேலிருப்பவர் கீழிருப்பவருக்கு அளிக்கும் சலுகையின் பெயராகச் சுருங்கிற்று. இது மொழிநூல் வியப்பு மட்டுமன்று. வேலை செய்யும் மனிதனின் பொழுதை யார் வகுப்பது, அவனைக் கேட்டு வகுப்பதா, கேளாமல் வகுப்பதா என்னும் பெரிய வினா அதனுள் அடங்கிக் கிடக்கிறது.

இன்று உலகெங்கும் பணியிடங்களின் நேர ஒழுங்கு, கூட்டங்கள், குழுக்கள் ஆகியன பற்றிப் புதுச் சிந்தனை பேசப்படுகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து நாகரசம்பட்டி வட்டாரத்தில் வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூர் வளர்ந்தது. அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் எனப் பெருந்தொழிற்சாலைகள் வந்தன. 2021இல் போச்சம்பள்ளியிலேயே ஓலா நிறுவனத்தின் மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை எழுந்தது. நம்மிடம் ஓதிச் சென்ற பிள்ளைகளும் அவர்தம் சகோதரிகளும் விடியுமுன் தொழிற்சாலைப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்பதை நாள்தோறும் காண்கிறோம். எனவே, இவ்வினாவின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

முறை என்னும் சொல்

'ஷிப்ட்' என்று இன்று நாம் வழங்குவதற்குத் தமிழில் பழஞ்சொல் உண்டு; அது முறை. அரபியில் இதற்கு நேரான சொல் நவ்பத். கோட்டை வாயில்களிலும் தர்காக்களிலும் வேளை தவறாது முழங்கும் முரசுக்கும் அதுவே பெயராயிற்று. தமிழின் முறைக்கோ இன்னும் விரிந்த பொருள் உண்டு. தவணை மாறி வரும் வேளை, நீதி, உறவு ஆகிய மூன்றையும் அந்த ஒரே சொல் சுட்டும். முறை வைத்து நீர் பாய்ச்சுகிறோம். முறை கெட்டது என்று நியாயம் கேட்கிறோம். என்ன முறை என்று சொந்தம் விசாரிக்கிறோம். வேலையின் வேளை நீதியாகவும் இருக்கவேண்டும், உறவைக் குலைக்காததாகவும் இருக்கவேண்டும் என்று மொழியே நமக்குச் சொல்லித்தருவது போலன்றோ இது தோன்றுகிறது!

நம் வட்டாரத்துப் பாரூர் ஏரி இதற்கு எளிய சான்று. தென்பெண்ணையின் நெடுங்கல் அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் அந்த ஏரியின் பாசனத்தில் சில நாள் மதகு திறந்து, சில நாள் மூடி, முறை வைத்தே நீர் விடப்படுகிறது. தலைமடைக்காரர் அடங்கி நடந்தால்தான் கடைமடைக்காரருக்கு நீர் உண்டு. யாருக்கு எந்த வேளை என்பது ஊரறிய வகுக்கப்படாவிட்டால் வரப்பில் சண்டை மூளும்.

பொறுப்பைக் குழுக்களாகப் பகிரும் வழக்கமும் தமிழருக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றைக் கூறுகின்றன. உறுப்பினர் குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதவிக்காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவருக்கு மீண்டும் இடமில்லை. போற்றத்தக்க ஏற்பாடே. ஆயினும் நிலமும் மனையும் கற்ற கல்வியும் உடையோரே அங்கு அமர முடிந்தது. ஏரியில் மண் சுமந்தவர் ஏரி வாரியத்தில் இல்லை. இக்குறையை மறவாமல் மேலே செல்வோம்.

பத்து நிமிடத்தின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவி ஆலைகள் வந்தபோது முறையின் இடத்தைச் சங்கு பிடித்துக்கொண்டது. ஆலையின் ஊதுகுழலுக்கு நம் மக்கள் சங்கு என்றே பெயரிட்டனர். ஆனால் அச்சங்கு யாரையும் கலந்துகொண்டு ஊதவில்லை.

1881ஆம் ஆண்டின் முதல் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைகளின் வேலைநேரத்தை மட்டுமே தொட்டது. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884 முதல் ஆலைத் தொழிலாளரைத் திரட்டி வார விடுமுறை கேட்டுவந்தார். 1890 ஜூன் மாதத்தில் ஆலை முதலாளிகள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். மறு ஆண்டே சட்டமும் வார ஓய்வை ஏற்றது. 1911இல் நெசவாலைகளில் ஆண்களுக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் என உச்ச வரம்பு வந்தது. 1922இல் அது 11 மணியாகவும், 1934இல் 10 மணியாகவும், 1946இல் 9 மணியாகவும் குறைந்தது. வாரத்திற்கு 48 மணி என்னும் வரம்பும் 1946இல்தான் வந்தது. ஒவ்வொரு மணியும் கேட்டுப் பெறப்பட்டது. தானே கனிந்து விழுந்ததன்று.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டின் பங்கு தனிச் சிறப்புடையது. சென்னைப் பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் இருந்தன. 1918 ஏப்ரல் 27ஆம் நாள் அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. செல்வபதி செட்டியார், இராமானுஜலு நாயுடு ஆகிய இருவர் அதற்கு வித்திட்டனர், பி.பி. வாடியா தலைவரானார், திரு.வி.க. தோள் கொடுத்தார். அச்சங்கத்தின் முதற் கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? நண்பகல் உணவு இடைவேளையை 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக்க வேண்டும் என்பதே. ஆயிரக்கணக்கானோர் ஒரே வேளையில் வெளிவந்து, கைகழுவி, உண்டு, சங்கு ஊதுமுன் திரும்பவேண்டும். அரை மணியில் அது இயலாது என்பதை உண்டவன் அறிவான். அட்டவணை எழுதியவன் அறியான். இந்திய நாட்டின் முறையான தொழிற்சங்க இயக்கம் பத்து நிமிடச் சோற்று நேரத்தை முன்வைத்துப் பேசத் தொடங்கிற்று என்பது நாம் என்றும் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி.

குழு யாரால் ஆனது?

அதே ஆலைகளின் வரலாற்றில் கசப்பான மற்றோர் ஏடும் உண்டு. மேஸ்திரிமார் தத்தம் ஊரும் உறவும் சாதியும் பார்த்து ஆள் சேர்ப்பது அக்கால ஆலைகளின் வழக்கம். வேலைக்குழுவே சாதிக்குழுவாக அமைந்துவிட்டது. 1921இல் பெரும் வேலைநிறுத்தம் வந்தபோது சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் வெளியே நிற்க, ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் ஆலைக்குள் சென்றனர். புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாய்ந்தன. உள்ளே சென்றோரைப் பழிப்பது நீதியாகாது. மாதக்கணக்கில் பட்டினி தாங்கும் வலிமை அவர்களுக்கு இல்லை. அதுவரை அவர்களைச் சமமாக உட்கார வைத்து எவரும் கலந்து பேசியதும் இல்லை. குழு பிளந்தது வேலைநிறுத்தத்தன்று அன்று; குழு அமைந்த நாளிலேயே பிளவும் அமைந்துவிட்டது.

இதனோடு ஒப்புநோக்கத் தக்கது ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, கி.பி. 627இல் மதீனாவில் அகழ் தோண்டிய நிகழ்ச்சி. அகழ் தோண்டும் யோசனையைச் சொன்னவர் அடிமைத்தளையிலிருந்து மீண்ட பாரசீகர் ஸல்மான் (ரலி). அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அதனை ஏற்றார்கள். பத்துப் பேருக்கு நாற்பது முழம் என வேலை பகிரப்பட்டதாக வரலாற்றாசிரியர் தபரீ எழுதுகிறார். முஹாஜிர்களும் அன்ஸாரிகளும் ஸல்மான் தம்மவரே என்று போட்டியிட்டனர் என்பதும் அவ்வரலாற்றில் உண்டு. தலைவரே மண் சுமந்தார்கள். யோசனை எவரிடமிருந்தும் வரலாம், அளவு அனைவர்க்கும் ஒன்று, வகுத்தவரும் தோண்டுவார் என்னும் மூன்று நெறிகள் இதில் விளங்குகின்றன. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயத்திற்கு 'ஷூரா', அதாவது ஆலோசனை என்றே பெயர் அமைந்திருப்பதையும் இங்கு நினைவுகூர்வது பொருந்தும்.

கூட்டமா, தாக்கீதா?

விடுதலையை ஒட்டிய காலத்தில் இந்தியா ஆலோசனைக்குச் சட்ட வடிவம் தர முயன்றது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், நூறு தொழிலாளர்க்குக் குறையாத நிறுவனங்களில் பணிக்குழு அமைக்க வழிசெய்தது. தொழிலாளர் பிரதிநிதிகள் நிர்வாகப் பிரதிநிதிகளுக்கு எண்ணிக்கையில் குறையக்கூடாது என்றது. 1956இல் வந்த திருத்தம், வேலைநேரத்தையும் ஓய்வு இடைவேளையையும் மாற்றுமுன் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என விதித்தது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டமோ, அறிவிப்புகள் பெரும்பாலான தொழிலாளர்க்கு விளங்கும் மொழியிலும் இருக்கவேண்டும் என்றது. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் பேசப்படுகின்ற, இன்று இந்தி பேசுவோரும் வந்து சேர்ந்துள்ள ஓசூரில் இவ்விதியின் அருமை விளங்கும். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டங்களின் இடத்தில் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. பணிக்குழுவும் முன்னறிவிப்பும் அவற்றிலும் இடம்பெறுகின்றன.

இதற்கிடையே ஜப்பானிலிருந்து மற்றொரு வழக்கம் வந்தது. அங்கே 1962இல் இஷிகாவா கவோரு என்னும் பேராசிரியரின் ஊக்கத்தால் தரவட்டங்கள் தொடங்கின. ஓர் எந்திர வரிசையில் வேலை செய்யும் சிலர் கூடி அமர்ந்து, பொருளில் குறை ஏன் வருகிறது என்று தாமே ஆராய்வது இதன் முறை. இந்தியாவில் 1980இல் ஐதராபாத் பாரத மிகுமின் நிறுவனம் இதனைத் தொடங்கியது. தரத்திற்கென ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை 2002இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் பெற்றபோது ஓசூரின் பெயரும் உலகில் ஒலித்தது.

தொழிலாளியின் அறிவை மதித்ததால் விளைந்த நன்மை இது, ஐயமில்லை. ஆனால் நுணுகி நோக்கின் ஓர் எல்லை தென்படுகிறது. பொருளின் குறையைப் பேச அழைக்கப்படும் தொழிலாளி, தன் பொழுதின் குறையைப் பேசப் பெரும்பாலும் அழைக்கப்படுவதில்லை. முறை தொடங்குமுன் நின்றபடி நடக்கும் கூட்டத்தில் இன்றைய இலக்கு இவ்வளவு என்று சொல்லப்படுகிறது, கேட்டோர் கலைகின்றனர். ஒருவர் பேசப் பலர் கேட்பது கூட்டமன்று. வாயால் சொல்லப்பட்ட தாக்கீதே அது. ஐஸ்லாந்து நாட்டில் 2015 முதல் 2019 வரை 2,500க்கும் மேற்பட்ட பணியாளரைக் கொண்டு, வாரம் 40 மணி வேலையை 35, 36 மணியாகக் குறைத்துப் பார்த்தனர். பணி குன்றவில்லை. வீண் கூட்டங்களைக் குறைத்ததும் சுருக்கியதும், எதைக் குறைக்கலாம் என்று பணியாளரையே கேட்டதும் அதற்குத் துணைசெய்தன.

எல்லையின் இரு புறம்

2023ஆம் ஆண்டு நம் வட்டாரம் ஒரு விந்தையைக் கண்டது. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். அவ்வாண்டு பிப்ரவரியில் கர்நாடகச் சட்டமன்றம், வாரம் 48 மணிக்கு மிகாமல், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்க இடமளித்துச் சட்டத்தைத் திருத்தியது. ஏப்ரல் 21இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் அத்தகைய மசோதாவை நிறைவேற்றியது. தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளும் எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது. மே முதல் நாள், திரும்பப் பெறப்படுவதாக முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். நிறைவேற்றிய பிறகு பேச அழைப்பதற்குப் பதில், பேசிய பிறகு நிறைவேற்றியிருக்கலாமே என்பதுதான் வரலாறு படிப்போர்க்குத் தோன்றும். நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு கொள்ள விரும்புவோரும் தொழிலாளருள் இருக்கலாம். அதனையும் கேட்டால்தானே அறியமுடியும்?

கேட்டிருந்தால் நாகரசம்பட்டிப் பெண்ணொருத்தி என்ன சொல்லியிருப்பாள்? ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நம் ஊர் அதற்கும் அப்பால். பேருந்தில் போக ஒன்றரை, வர ஒன்றரை என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். எட்டு மணி வேலை, அரைமணி இடைவேளை, மூன்று மணிப் பயணம் சேர்ந்தால் பதினொன்றரை மணி. 1922ஆம் ஆண்டுச் சட்டத்தின் பதினொரு மணியை நாம் கடந்துவிட்டோம் என்று எண்ணினோம். அது சாலை வழியே திரும்பி வந்திருக்கிறது! பன்னிரண்டு மணி வேலையானால் பயணத்தோடு பதினைந்து. மிஞ்சும் ஒன்பது மணியில் உறக்கம், சமையல், தொழுகை, பிள்ளையின் முகம் பார்த்தல் அனைத்தும் அடங்கவேண்டும். வார ஓய்வும் சுழற்சியில் மாறிக்கொண்டேயிருந்தால், போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தைக்குப் போகவும் உறவினர் வீட்டு நிக்காஹில் கலந்துகொள்ளவும் அவளுக்கு ஏது முறை?

சட்டம் சாலையை முற்றும் அறியாததன்று. தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டத்தில் 2010ஆம் ஆண்டு செய்த திருத்தம், வேலைக்குப் போகும் வழியிலும் வரும் வழியிலும், வேலையோடு தொடர்புடையதாக நேரும் விபத்தைப் பணிக்காயமாக ஏற்றது. அவ்வழியில் சிந்தும் இரத்தம் கணக்கில் வருகிறது. அவ்வழியில் கழியும் பொழுது கணக்கில் வருவதில்லை.

எனவே நாம் வேண்டுவன மூன்று. முறைகளை வகுக்குமுன் பேருந்து எந்த ஊரில் எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்பதைப் பணிக்குழுவின் முன் வைத்துப் பேசவேண்டும். அக்குழுவில் தொலைவூர்ப் பெண்களுக்கும், வெளிமாநிலத்தாருக்கும், ஒப்பந்தத் தொழிலாளர்க்கும் இடம் வேண்டும். ஏரி வாரியத்தின் பழங்குறை இங்கும் தொடரலாகாது. வாரக் கூட்டம் ஒன்றேனும் இலக்கைச் சொல்வதற்கன்றி, தொழிலாளர் தம் நேரத்தைப் பற்றிச் சொல்வதைக் கேட்பதற்கென நடக்கவேண்டும். இவற்றுக்குப் பெருஞ்செலவு இல்லை. வகுப்பவர் ஒரு நாள் அந்தப் பேருந்தில் ஏறி நம் ஊர் வரை வந்து திரும்பினாலே பாதி வேலை முடிந்துவிடும்.