வெயில் காய்ச்சிய வெந்நீர்

வரலாறு என்றதும் அரசரும் போரும் கோட்டையுமே நம் நினைவுக்கு வருகின்றன. நான் வாழும் கிருஷ்ணகிரி மாவட்டத்திற்கும் அத்தகைய வரலாறு உண்டு. பாராமகால் என்று வழங்கிய நிலப்பகுதி 1792ஆம் ஆண்டில் திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியதையும், பின்னாளில் சென்னையின் கவர்னராக விளங்கிய தாமஸ் மன்றோ தம் இளமையில் இங்கு நிலவரி ஏற்பாட்டில் உழைத்ததையும் நீங்கள் படித்திருக்கக்கூடும். இன்று நான் சொல்லப் புகுவதோ ஒரு குடம் வெந்நீரின் வரலாறு. அது நாள்தோறும் நம் புழக்கடையில் நடப்பது. ஆதலால் அதனை வரலாறு என்று எவரும் எண்ணுவதில்லை.

ஓசூர் கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக மேடேறி வருவோர், ஓசூரை நெருங்க நெருங்கக் காற்று குளிர்வதை உணர்வர். மார்கழி, தை மாத விடியலில் தொட்டித் தண்ணீரில் கை வைக்க இயலாது. ஆனால் அதே நாளில், பனி விலகியதும், பத்து மணிக்கெல்லாம் வெயில் நன்றாக அடிக்கத் தொடங்கிவிடும். குளிர்ந்த காலையும் தெளிந்த பகலும் அடுத்தடுத்து வாய்த்த நிலம் இது.

என் இளமையில் எங்கள் வீடு தேன்கனிக்கோட்டைக்கு அருகே ஒரு சிற்றூரில் இருந்தது. புழக்கடையில் மூன்று கல் கூட்டிய அடுப்பு. அதன்மேல் கரியேறிய செப்பு அண்டா. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரர் அதனை ஹண்டே என்பர். தெலுங்கு பேசுவோரும் எங்கள் தெருவில் இருந்தனர். மொழி மூன்றாயினும் விடியற்காலைப் புகை எல்லார் வீட்டிலும் ஒன்றே. என் தாயார் இருள் பிரியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுவார். நான் வெந்நீரில் குளித்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவேன். அந்த விறகு எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. நண்பகலில், நாங்கள் வகுப்பில் அமர்ந்திருந்த வேளையில், அவர் கரட்டுக் காட்டில் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டு வந்தார். அவர் தலையில் சுமை ஏற்றிய அதே வெயில், வீட்டுக் கூரைமேல் வீணே காய்ந்துகொண்டிருந்தது.

இதனை ஒரு கணக்காகப் பார்ப்போம். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்த ஒரு கிலோகலோரி வெப்பம் வேண்டும். ஒரு குடும்பத்திற்கு நூறு லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்துவதாகக் கொள்வோம். அதற்கு 4,000 கிலோகலோரி தேவை. உலர்ந்த விறகு ஒரு கிலோ ஏறக்குறைய 3,500 கிலோகலோரி வெப்பம் தரும். ஆனால் திறந்த கல்லடுப்பில் அதில் பத்தில் ஒரு பங்குதான் நீரைச் சேர்கிறது. எஞ்சியது காற்றோடும் புகையோடும் போய்விடுகிறது. ஆகவே நாளொன்றுக்குப் பதினொரு கிலோவுக்கு மேல் விறகு வேண்டும். மின்சாரத்தால் காய்ச்சினால், ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி ஆதலால், நாலரை யூனிட்டுக்குச் சற்று மேல் செலவாகும். இனி வெயிலைப் பாருங்கள். நம் பகுதியில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் நல்ல வெயில் நாளில் ஐந்து யூனிட்டுக்குச் சமமான வெப்பம் விழுகிறது. இரண்டு சதுர மீட்டரில் விழுவதில் பாதியைப் பிடித்தாலே நூறு லிட்டர் வெந்நீர் கிடைத்துவிடும்.

இவ்வளவு எளிய கணக்கை மனிதர் எப்போது கண்டுகொண்டனர்? ஜெனீவா நகரத்து அறிஞர் சொசூர் என்பவர் 1767ஆம் ஆண்டில் கண்ணாடி மூடிய பெட்டிகளைச் செய்து வெயிலில் வைத்தார். ஒளி உள்ளே புகுந்தது. வெப்பம் எளிதில் வெளியேறவில்லை. அவர் பின்னர்ச் செய்த பெட்டியில் வெப்பநிலை நீரின் கொதிநிலையையும் தாண்டியது. அவர் அப்பெட்டியை ஆல்ப்ஸ் மலையின் ஒரு சிகரத்திற்கும் சுமந்து சென்றார். மலைமேல் காற்று மிகக் குளிர்ந்திருந்தும், பெட்டியின் உள்வெப்பம் சமவெளியில் இருந்ததற்கு ஏறக்குறைய ஒப்பாகவே இருந்தது. குளிர் நாட்டில் வெயில் பயன்படாது என்ற எண்ணம் அன்றே பொய்த்தது. ஓசூர் போன்ற மேட்டுநிலத்தார்க்கு இச்செய்தி முக்கியமானது.

நம் நாட்டிலும் இம்முயற்சி பழையதே. பம்பாய் உயர்நீதிமன்ற அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஆடம்ஸ் என்னும் ஆங்கிலேயர், கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி உண்டாக்கி ஒரு பம்பை ஓட்டிக் காட்டினார். விறகும் நிலக்கரியும் அரிதான வெப்பநாடுகளுக்கு ஞாயிற்றின் வெம்மையே மாற்று எரிபொருள் என்று அவர் எழுதிய நூல் 1878ஆம் ஆண்டில் வெளிவந்தது. இராஜாஜி எங்கள் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்ததும் அதே ஆண்டுதான். ஆடம்ஸின் நூல் அலமாரியில் தங்கியது. தொரப்பள்ளியில் அண்டாவின் கீழ் விறகு எரிந்துகொண்டேயிருந்தது.

வீட்டிற்கேற்ற கருவி அமெரிக்காவில் தோன்றியது. பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப் 1891இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கருமை பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வைப்பதே அதன் அமைப்பு. மாலையில் வெந்நீர் கிடைத்தது, இரவில் ஆறிப்போயிற்று. 1909இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி இக்குறையைப் போக்கினார். வெயில் வாங்கும் தகட்டையும் நீர் தேக்கும் தொட்டியையும் அவர் வேறு வேறாகப் பிரித்தார். தொட்டியை மேலே வைத்து, வெப்பம் வெளியேறாதபடி பொதிந்தார். சூடேறிய நீர் இலேசாகித் தானே மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கி அதன் இடத்தை நிரப்பும். பம்பும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. மறுநாள் விடியலிலும் நீர் சூடாக இருந்தது. இன்று ஓசூர் மாடிகளில் நீங்கள் காணும் கருவிகள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

அவ்வளவு நல்ல கருவி ஏன் உலகெங்கும் நிலைபெறவில்லை? 1920களில் கலிபோர்னியாவில் எரிவாயு மிகுதியாகக் கிடைத்தது. மக்கள் வெயிலைக் கைவிட்டனர். பின்னர் புளோரிடாவில் இக்கருவி பரவியது, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் செம்பு தட்டுப்பட்டது, அதன்பின் மின்சாரம் மலிந்தது, அங்கும் கைவிட்டனர். எரிபொருள் தட்டுப்பாட்டில் உழன்ற இஸ்ரேலில் 1950களில் கருவி மீண்டும் உயிர்பெற்றது. 1980இல் புதிய வீடுகளுக்கு அது சட்டப்படி கட்டாயமாயிற்று. எங்கும் ஞாயிறு மாறவில்லை. வேறு எரிபொருள் மலிவாகத் தோன்றிய போதெல்லாம் வெயில் மறக்கப்பட்டது. அது அருகிய போதெல்லாம் நினைக்கப்பட்டது. எங்கள் வீட்டில் விறகு மலிவாகத் தோன்றியதற்குக் காரணம், என் தாயாரின் உழைப்பிற்கு எவரும் விலை குறிக்காததே.

1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடிக்குப் பின் நம் அரசும் விழித்தது. மரபுசாரா எரிசக்திக்கென மத்திய அரசில் 1982இல் தனித்துறை ஏற்பட்டது. தமிழ்நாட்டில் 1985இல் எரிசக்தி மேம்பாட்டு முகமை தோன்றியது. எங்கள் எல்லைக்கு அப்பால் பெங்களூரில் இக்கருவி மிக விரைவாகப் பரவிற்று. அங்கும் ஓசூரைப் போலவே குளிர்ந்த காலை, தெளிந்த பகல். இரண்டாயிரம் வாட் மின்கொதிகலன்களை ஆயிரம் வீட்டார் ஒரே நேரத்தில் இயக்கினால் இரண்டு மெகாவாட் வேண்டும்; ஒரு பெருநகரின் காலை நேரத்தை எண்ணிப் பாருங்கள். ஆகவே மின்வாரியம் வெயில் கருவி வைத்தவர்க்கு யூனிட்டுக்கு 50 காசு வீதம் மாதம் 50 ரூபாய் வரை தள்ளுபடி அளித்தது. 2007இல் புதிய கட்டடங்களுக்குக் கருவி கட்டாயம் என்று கர்நாடக அரசு ஆணையிட்டது.

ஓசூரில் 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980களில் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் செய்யும் ஆலைகள் எழுந்தன. பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். அங்கு வேலைக்குச் சென்று வந்தோர் அங்குள்ள மாடிகளைப் பார்த்தனர். கருவியை இங்கும் கொணர்ந்தனர். முதலில் தொழிலாளர் குடியிருப்புகள், பின்னர் விடுதிகள், பின்னர் சிற்றூர்களிலும் இரண்டொரு வீடுகள் என்று அது பரவியது.

இவ்விடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2004ஆம் ஆண்டு தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியின் விடுதி மாடியில் வெயில் வெந்நீர்க் கருவி ஒன்று பொருத்தப்பட்டது. முதல் ஆண்டு மாணவர் அனைவரும் வெந்நீரில் குளித்தனர். இரண்டாம் ஆண்டு நீர் வெதுவெதுப்பாயிற்று. மூன்றாம் ஆண்டு குளிர்ந்த நீரே வந்தது. "இந்தக் கருவி நம் ஊருக்கு ஒத்துவராது" என்று நான் சொல்லிவிட்டேன். விடுதிச் சமையற்கார அம்மாள் மறுபடியும் விறகு சுமக்கலானார். ஒரு நாள் காலை அவர் முதுகைப் பிடித்தபடி அண்டாவுக்கு அருகே நின்றதைக் கண்டேன். என் தாயாரின் நினைவு வந்தது. ஆயினும் நான் மாடி ஏறிப் பார்க்கவில்லை.

சிப்காட்டில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் ஆண்டு விழாவிற்கு வந்திருந்தார். கேட்டதும் மாடிக்கு ஏறினார். குழாயைக் கழற்றினார். உள்ளே கிணற்று நீரின் உப்பு வெண்மையாகப் படிந்து வழியை அடைத்திருந்தது. கண்ணாடிமேல் விரற்கனம் தூசி. பக்கத்து வேப்பமரம் மூன்றாண்டில் வளர்ந்து, நண்பகலுக்குப்பின் தகட்டின்மேல் நிழல் வீசிற்று. அவர் கீழிறங்கி வந்து, தயங்கியபடி, "ஐயா, வெயில் குறையவில்லை. யாரும் மேலே போய்ப் பார்க்கவில்லை" என்றார். அந்த "யாரும்" என்னும் சொல் யாரைக் குறித்தது என்பது எனக்குப் புரிந்தது. கருவியைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டவன் நான். அதனைப் பேணும் பொறுப்பை ஒருவரிடமும் ஒப்படைக்காதவனும் நானே.

குழாயின் உப்பை அமிலக் கரைசலால் கழுவினோம். கிளையை வெட்டினோம். வாரம் ஒருமுறை கண்ணாடியைத் துடைக்கும் வேலை மாணவர் குழுவுக்கு ஒதுக்கப்பட்டது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை தொட்டி நீரை வெளியேற்றும் நாளை அலுவலக நாட்காட்டியில் குறித்து வைத்தேன். அடுத்த தை மாதத்தில் மாணவர் மீண்டும் வெந்நீரில் குளித்தனர். மழை மூடிய நாட்களில் மட்டும் அண்டா ஏற வேண்டியிருந்தது. சமையற்கார அம்மாள் ஒன்றும் சொல்லவில்லை. அடுப்படியில் அடுக்கியிருந்த விறகில் பாதியை எடுத்துக் கொட்டகையில் வைத்துவிட்டார்.

நண்பர்களே, இன்றும் எங்கள் சிற்றூர்களில் எரிவாயு அடுப்பு சமையலுக்கும், விறகடுப்பு வெந்நீருக்கும் என்று இரண்டு அடுப்புகள் உள்ள வீடுகள் உண்டு. உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு வாரம் உங்கள் வீட்டு வெந்நீரைக் கவனியுங்கள். நாளைக்கு எத்தனை லிட்டர், எத்தனை கிலோ விறகு அல்லது எத்தனை யூனிட் மின்சாரம் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். நான்காவதாக ஒரு பத்தி போட்டு, அதற்காக உழைத்தவர் யார், எவ்வளவு நேரம் என்றும் எழுதுங்கள். மாடியில் ஏற்கெனவே கருவி இருந்தால் ஏணி எடுத்து, பெரியவர் ஒருவரின் துணையோடு மேலே ஏறிப் பாருங்கள். என் இளமையில் நான் இந்தக் குறிப்பேட்டை எழுதவில்லை. எழுதியிருந்தால் அதன் நான்காம் பத்தியில் ஒரே பெயர்தான் நாள்தோறும் இடம் பெற்றிருக்கும்.