திருவரங்கத்து மதிலில் ஒரு போர் அறிவிப்பு

பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறையும் விழுந்த பிறகு, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை சிவகங்கையின் சின்ன மருதுவிடம் அடைக்கலம் புகுந்ததைச் சென்ற வாரம் பார்த்தோம். கிழக்கிந்தியக் கம்பெனி ஊமைத்துரையை ஒப்படைக்கச் சொன்னது. சின்ன மருது மறுத்தார்.

1801 ஜூன் 16. திருச்சிக் கோட்டைக்குள் நவாப் அரண்மனைக்குப் போகும் வாசல் சுவரில் சின்ன மருதுவின் அறிக்கை ஒன்று ஒட்டப்பட்டது. காவிரிக்கு அக்கரையில், திருவரங்கம் கோயில் மதிலில் இன்னொரு பிரதி. கம்பெனிப் பட்டாளம் தங்கியிருந்த ஊர் திருச்சி. நாலா திசையிலிருந்தும் சனங்கள் வந்து போகும் தலம் அரங்கம். என்ன துணிச்சல்!

ஐரோப்பியரை நம்பி நாட்டைப் பறிகொடுத்த முந்தைய ஆற்காட்டு நவாப் முகமது அலியின் அறிவீனத்தை அறிக்கை வெளிப்படையாகச் சாடியது. ஜம்புத்தீவில், அதாவது இந்தியத் துணைக்கண்டத்தில், வாழும் எல்லாச் சாதியாரையும் முஸ்லிம்களையும் ஒன்றுசேரச் சொன்னது. கம்பெனிச் சம்பளம் வாங்கிய சுபேதார், ஜமேதார், சிப்பாய் வரை, மீசை வைத்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லாத குறையாக அழைத்தது. படித்தவர் பிறருக்குச் சொல்ல வேண்டும். கிழித்தவரைக் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் சேரும்.

இதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, 1776 ஜூலை 4 அன்று அமெரிக்கர்கள் தங்கள் விடுதலையை அறிவித்திருந்தார்கள். 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் அவர்கள் கடலில் கொட்டிய தேயிலை இதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. யார்க்டவுனில் 1781இல் தோற்றுச் சரணடைந்த கார்ன்வாலிஸ், 1786இல் இங்கே கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கினார். அங்கே நழுவிய பிடி இங்கே இறுகியது என்றே நான் நினைக்கிறேன்.

மருதுவின் அறிக்கையில் குடியரசுக் கனவு இல்லை. அரசுகள் பழைய மரபுப்படி அவரவர் கைக்குத் திரும்ப வேண்டும் என்றுதான் கேட்டது. மனிதர் யாவரும் சமம் என்று எழுதிய அமெரிக்காவும் அடிமைகளை விடுவிக்கவில்லையே! ஆனால் தன் பாளையத்துக்கு அப்பால், ஒரு நிலப்பரப்பின் மக்கள் அனைவரையும் நோக்கி ஒரு பாளையத்துத் தலைவர் பேசினார். அதுதான் பெரிது.

ஐரோப்பியரை நம்பினால் நாடு பறிபோகும் என்று அறிக்கை எச்சரித்தது ஆறே வாரத்தில் பலித்தது. ஜூலை 15இல் அப்போதைய நவாப் உம்தத்துல் உமரா இறந்தார். ஜூலை 31இல் கம்பெனி தனக்கு வேண்டியவரை நவாபாக்கி, கர்நாடக நாட்டின் ஆட்சியையே எழுதி வாங்கிக்கொண்டது.

அக்டோபர் தொடக்கத்தில் மருதுவின் அரணான காளையார்கோயில் வீழ்ந்தது. 24ஆம் தேதி திருப்பத்தூரில் சின்ன மருதுவும் அவர் அண்ணன் பெரிய மருதுவும் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமிக்கு அப்போது 15 வயது. அவனையும் சேர்த்து 70க்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் பினாங்குக்குக் கப்பலேற்றினார்கள். சின்ன மருதுவிடம் வளரி எறியக் கற்றுக்கொண்ட ஆங்கிலேய அதிகாரி வெல்ஷ், பல ஆண்டுகள் கழித்து அந்தத் துரைசாமியைப் பினாங்கில் சந்தித்ததை அடுத்த வாரம் பார்ப்போம்.