பேயா? பிணியா?

கலங்கிய உள்ளத்தோடு வருபவனிடம், "உன்னை வருத்தும் நோய் யாது?" என்று நாடு முதலில் கேட்கவில்லை. "இவனை எங்கே அடைப்பது?" என்றுதான் கேட்டது!

திருப்பாச்சூரில் வாழும் நமக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. அருகே, திருவள்ளூர் வீரராகவர் கோயிற்குளத்தின் பெயரே 'ஹிருத்தாபநாசினி'. நெஞ்சின் வெப்பம் தீர்ப்பது என்பது பொருள். அமாவாசைக் கூட்டத்தில், உறக்கம் தொலைத்த மகளை, தனக்குத்தானே பேசும் தம்பியைக் கைப்பிடித்து வருவோர் உண்டு. அவர்களை எள்ளி நகையாடோம். வேறெந்த வாயில் அவர்களுக்குத் திறந்திருந்தது?

சென்னையில் ஒரு வாயில் இருந்தது. 1794இல் கம்பெனி மருத்துவர் வாலண்டைன் கோனொலி தொடங்கிய பித்தர் விடுதி, 1871இல் கீழ்ப்பாக்கம் சேர்ந்தது. ஆனால் 1912ஆம் ஆண்டுச் சட்டப்படி, அலைந்து திரிபவனைப் பிடிப்பது போலீஸ். அடைக்க ஆணையிடுவது மாஜிஸ்திரேட். இடையிலே சான்று தருபவர் மருத்துவர். பிணியாளன் குற்றவாளியின் படியேறி மருத்துவமனை புகுந்தான்! 'கீழ்ப்பாக்கம்' வசைச்சொல் ஆனதில் வியப்பென்ன? (அச்சொல்லால் சிரிப்பு மூட்டிய நம் திரைப்படங்கள் இனியேனும் வேறு சரக்குத் தேடட்டும்.)

1952இல் பாரிசு மருத்துவர்கள் குளோர்புரோமசின் கொடுத்து மனநோயாளரின் கொந்தளிப்பைத் தணித்தனர். விலங்கு செய்யாததை மருந்து செய்தது. மருந்து வரவே, நோயின் பெயரும் தேவையாயிற்று; மனச்சிதைவுக்குரியது வேறு, உளச்சோர்வுக்குரியது வேறு அல்லவா? அப்பெயரைக் குருதிச் சோதனை சொல்லாது. எத்தனை நாள் உறக்கமில்லை, காதில் குரல் ஒலிக்கிறதா, உணவு பிடிக்கிறதா எனப் பொறுமையாய்க் கேட்டே அறிதல் வேண்டும். தைராய்டுச் சுரப்பு குன்றினாலும் சோர்வு தோன்றும். அதனை விலக்கவே குருதி எடுப்பர். 1961இல் கீழ்ப்பாக்கத்தின் தலைமையேற்ற சாரதா மேனன், நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர். நோயாளியின் மறுவாழ்வுக்கென 1984இல் 'ஸ்கார்ஃப்' நிறுவனத்தையும் அவர் கண்டார்.

ஆயினும் 2001 ஆகஸ்டு 6 அன்று நடந்தது என்ன? ஏர்வாடியில் தனியார் மனநல விடுதிக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியில் பிணைக்கப்பட்டோர் ஓட வழியில்லை. அந்தோ, 28 உயிர்கள்! குணம் கிட்டியதெனக் கனவில் ஆணை வரும்வரை காத்திருப்பது அவ்வூர் வழக்கம். மருத்துவர் வரும்வரை காத்திருந்தவர் எத்தனை பேர்?

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்தது. சங்கிலியிடுதல் கூடாது என்றது. ஏற்கப்பெற்ற மருத்துவ நெறிப்படியே நோயை முடிவு செய்க என்றது. ஒருவரின் ஏழ்மையோ மதமோ, ஊராரின் ஒழுக்கக் கட்டுக்கு அடங்காமையோ நோய்க்குச் சான்றாகா என்றும் விதித்தது. சாதி கடந்து காதலித்தவளைப் 'பேய் பிடித்தவள்' எனப் பூட்டி வைக்கும் பெரிய மனிதர்களுக்கு இப்பகுதியைச் சத்தமாகப் படித்துக் காட்டலாம்.