ஜெர்மனி: சூரியத் தகடுகளுக்குச் செலவிட்டவர்கள் ஹீட் பம்புக்குத் தயங்கியது ஏன்?

மாசற்ற எரிசக்திக்காக வீட்டு உரிமையாளர்கள் தம் கைப்பணத்தைச் செலவிட முன்வருவார்களா என்ற கேள்விக்கு, ஜெர்மனியில் இரு வேறு விடைகள் கிடைத்துள்ளன.

சமூக ஜனநாயகக் கட்சியும் பசுமைக் கட்சியும் இணைந்த அரசாங்கத்தின் காலத்தில், 2000 ஏப்ரல் 1 ஆம் தேதி புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஹெர்மன் ஷேர், ஹான்ஸ் யோசஃப் ஃபெல் ஆகிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர்கள். கூரையில் சூரிய மின்தகடு பொருத்தியவர் மின்வலையமைப்புக்கு வழங்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 99 ஃபெனிக், அதாவது சுமார் 51 யூரோ சென்ட், 20 ஆண்டுகளுக்குக் குறையாமல் கிடைக்கும் என அச்சட்டம் உறுதியளித்தது. அன்று ஒரு குடும்பம் மின்சாரத்துக்குக் கொடுத்த விலையைவிட இது மூன்று மடங்குக்கும் அதிகம். வங்கிக் கடன் எப்போது அடையும் என்பதை எவரும் ஒரு தாளில் கணக்கிட்டுவிட முடிந்தது. சுற்றுச்சூழல் பற்று பலருக்கு இருந்தது உண்மையே. ஆயினும் மாட்டுத் தொழுவங்களின் கூரைகள் வரை தகடுகள் பரவியதற்கு அந்தக் கணக்கே காரணம் எனலாம்.

அப்பணத்தைக் கொடுத்தது யார் என்பது வேறு விடயம். அது மின்கட்டணத்துடன் சேர்த்து அறவிடப்பட்டது. 2014 இல் யூனிட்டுக்கு 6.24 சென்ட். ஜெர்மன் மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வாடகை வீடுகளில் வசிப்பவர்கள். சொந்தக் கூரை இல்லாத அவர்களும் இதைச் செலுத்தினர். 2022 ஜூலையில்தான் இந்த அறவீடு நின்றது.

வீட்டை வெப்பமூட்டும் விடயத்தில் நிலைமை மாறியது. புதிய வெப்பமூட்டும் சாதனங்கள் குறைந்தது 65 சதவீதம் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியில் இயங்க வேண்டும் என்ற சட்டத்தை, பொருளாதார அமைச்சராக இருந்த ராபர்ட் ஹாபெக் 2023 இல் முன்வைத்தார். வெளிக்காற்றின் வெப்பத்தை ஈர்த்து வீட்டுக்குள் தரும் ஹீட் பம்பே அதன் மையம். ஆனால் கூட்டணிக்குள் மாதக்கணக்கில் சச்சரவு நீடித்தது; விதிகளும் மானியத் தொகையும் மாறிக்கொண்டே இருந்தன. செப்டம்பரில் சட்டம் நிறைவேறுவதற்குள், பலர் அவசரமாக எரிவாயுக் கொதிகலன்களை வாங்கிவிட்டனர். 30,000 யூரோ வரையிலான செலவில் 70 சதவீதம் வரை மானியம் என்று அறிவிக்கப்பட்ட பின்னரும், 2023 இல் சுமார் 3,56,000 ஆக இருந்த ஹீட் பம்ப் விற்பனை 2024 இல் சுமார் 1,93,000 ஆகச் சரிந்தது.

மின்சாரத்தின் விலை எரிவாயுவைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்பதும், பழைய வீடுகளில் சுவர்க் காப்புக்குத் தனியே செலவாகலாம் என்பதும் தயக்கத்தைக் கூட்டின. முதிய உரிமையாளர்களுக்கோ, போட்ட பணம் தம் வாழ்நாளில் திரும்புமா என்ற ஐயம்.

இவ்வளவுக்கும், 19 சதவீத விற்பனை வரி நீக்கப்பட்ட அதே 2023 இல், வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் பொருத்தப்பட்டன.