கடத்தலும் தூண்டலும்

கடத்தல் என்பது வெப்பமோ மின்சாரமோ ஒரு பொருளின் ஊடாகவே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்வதாகும். தூண்டலிலோ பொருள்கள் ஒன்றையொன்று தொட வேண்டியதில்லை, ஒன்றைச் சூழ்ந்த மின்புலமோ காந்தப்புலமோ மற்றொன்றில் மின்விளைவை எழுப்புகிறது. வெப்பத்துக்கென்று தனித் தூண்டல் கிடையாது. 1729இல் இங்கிலாந்தின் ஸ்டீபன் கிரே, தேய்த்து மின்னேற்றிய கண்ணாடிக் குழாயின் மின்தன்மை சணற்கயிற்றின் வழியே பல நூறு அடி செல்வதையும், கயிற்றைப் பட்டுநூலால் தாங்கினால் அது தங்குவதையும், பித்தளைக் கம்பியால் தாங்கினால் கசிந்து போவதையும் கண்டதிலிருந்து கடத்திக்கும் காப்பானுக்கும் உள்ள வேறுபாடு தெளிவாயிற்று.

மைக்கேல் ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று, ஓர் இரும்பு வளையத்தில் தனித்தனியே சுற்றிய இரு கம்பிச்சுருள்களுள் ஒன்றை மின்கலத்தோடு இணைத்தபோது மற்றதன் கம்பியருகே வைத்திருந்த காந்த ஊசி துள்ளி அடங்கியது. இணைப்பை எடுத்தபோது எதிர்த்திசையில் துள்ளியது. இடையில் முதற்சுருளில் மின்னோட்டம் தடையின்றிப் பாய்ந்தும் ஊசி அசையவில்லை. மாறும் காந்தப்புலமே மின்னோட்டத்தைத் தூண்டுகிறது என்பதால், தொடுதல், தொடாமை என்று மட்டும் பிரிப்பது பாதி விளக்கமே.

கடத்தல், தூண்டல் இரண்டோடும் தொடர்புள்ள அளவீடுகள் திருவனந்தபுரத்திலும் நடந்தன. சுவாதித் திருநாள் மன்னர் 1837இல் நிறுவிய திருவனந்தபுரம் வானாய்வகத்தில், ஜான் கால்டெகாட் 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை நிலத்தடி வெப்பநிலையைக் குறித்துவந்தார். மேற்பரப்பின் வெப்பம் மண்ணுக்குள் எவ்வாறு கடத்தப்படுகிறது என்பதை அறிய உதவும் அளவீடு இது. பின்வந்த ஜான் ஆலன் புரூன், அங்கும் அகத்தியமலை உச்சியிலும் புவிக்காந்தத்தின் அன்றாட மாற்றங்களைப் பதிவுசெய்தார். வளிமண்டலத்தில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் கடத்தப்படும் மின்னோட்டமே அவற்றுக்கு முதன்மைக் காரணம் என்பதும், அம்மாற்றங்கள் நிலத்தடியிலும் கடலிலும் மின்னோட்டங்களைத் தூண்டுகின்றன என்பதும் பிற்காலத்தில் தெரியவந்தவை.

திவான் ராஜா கேசவதாசன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே நகரில் ஏற்படுத்திய சாலைக் கடைத்தெருவின் பாத்திரக்கடைகளில் கடத்தலுக்கும் தூண்டலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கையால் எடுத்தே பார்க்கலாம். விறகடுப்பில் ஏற்றும் வெண்கல உருளி, அடியிற்பட்ட வெப்பத்தைக் கடத்தி உள்ளிருக்கும் பாயசத்துக்குக் கொடுக்கிறது. இண்டக்ஷன் அடுப்பிலோ, கண்ணாடித் தட்டுக்குக் கீழுள்ள கம்பிச்சுருள் நொடிக்குப் பல்லாயிரம் முறை மாறும் காந்தப்புலத்தை உண்டாக்க, அது பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அவற்றுக்கு உலோகம் தரும் மின்தடையால் பாத்திரம் சூடாகிறது. இரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும் அலுமினியம் சாதாரண இண்டக்ஷன் அடுப்பில் சூடேறாததற்குக் காரணம், அது காந்தத்தால் ஈர்க்கப்படாததும் மின்தடை மிகக் குறைந்ததுமாக இருப்பதே; அங்கே நல்ல கடத்தியாக இருப்பதே அதற்குக் குறை. ஆகவேதான் அடியில் காந்தம் ஒட்டும் எஃகுத் தகடும், அதற்குமேல் அலுமினிய அடுக்கும் வைத்த பாத்திரங்கள் வந்தன: எஃகில் தூண்டலால் பிறக்கும் வெப்பத்தை அலுமினியம் கடத்தி அடி முழுவதும் பரப்புகிறது.