சாம்பா பிறந்த கதை

மாணவர்களே! பிரேசில் என்றவுடன் உலகத்தார் நினைவுக்கு வருவது சாம்பா என்னும் ஆடலிசை. அந்நாட்டின் பெருமையாகத் திகழும் அவ்விசை, ஒரு காலத்தில் காவலர்க்கு அஞ்சி ஒளிந்து வாழ்ந்தது என்றால் நம்புவீர்களா?

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள், பாஹியாப் பகுதியில் வட்டமாக நின்று கைகொட்டி ஆடிய ஆட்டமே இதன் வேர். 1888-இல் அடிமைமுறை ஒழிந்தது. அதற்கு முன்னும் பின்னும் பாஹியா மக்கள் பலர் பிழைப்பு நாடி, அந்நாள் தலைநகராகிய ரியோ டி ஜெனீரோவில் குடியேறினர். அவர்களுள் ஒருவர், பலகாரம் விற்று வாழ்ந்த சியாத்தா அம்மையார். அவருடைய இல்லத்தின் முன்கூடத்தில் நாகரிக இசை ஒலிக்கும். பின்கட்டிலே சாம்பா முழங்கும் என்பர். கஞ்சிரா போன்ற தம் வாத்தியத்தோடு தெருவில் சென்றவரைக் காவலர் பிடித்ததும் உண்டு.

அங்குப் பலர் கூடிப் பாடிய பாட்டொன்றை 1916-இல் டோங்கா என்பவர் தேசிய நூலகத்தில் தம் பெயரால் பதிவு செய்தார். ‘தொலைபேசி வழியாக’ என்று பொருள்படும் தலைப்புடைய அப்பாட்டு, 1917 கார்னிவல் விழாவில் நகரெங்கும் ஒலித்தது. தமக்கும் அதிற் பங்குண்டு என்று தோழர்கள் முறையிட்டனர், பதிவு மாறவில்லை.

1928-இல் ‘சாம்பாப் பள்ளி’ எனப்படும் ஆடற்குழு தோன்றியது. 1932-இல் அத்தகைய குழுக்களிடையே போட்டி நடந்தது. வானொலி அவ்விசையை நாடெங்கும் பரப்பிற்று, அரசும் அரவணைத்தது. 2005-இல் பாஹியாவின் வட்ட ஆட்டத்தை யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது.

பதிவேடு ஒருவர் பெயரையே கூறும். வரலாறு பயில்வோர், அப்பெயருக்குப் பின்னே நின்று கைகொட்டியவர்களையும் தேடிக் காணல் வேண்டும்.