உடையவர் யார்?

ஒரு தொழில் நிறுவனம் புதுப்பொருளைப் படைத்தற்கு அறிவாளர் இருந்தால் மட்டும் போதுமா? அந்நிறுவனம் எவருக்கு உரியது என்பதையும் கேட்டாதல் வேண்டும் என்பதைச் சீன நாட்டின் அண்மைக்கால வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

1978-ஆம் ஆண்டின் இறுதியில் சீன அரசு பொருளாதாரக் கட்டுகளைத் தளர்த்தத் தொடங்கியது. அதன்பின், தனி மனிதர் சிறு தொழில் நடத்தலாம் என்றாயிற்று. ஆனால் ஏழு கூலியாட்களுக்குமேல் வைத்துக்கொள்ளல் ஆகாது. ஏழு என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என மாணவர்கள் வியக்கலாம். மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலில் எட்டுத் தொழிலாளரைக் கொண்டு காட்டிய ஓர் எடுத்துக்காட்டே அதற்கு அடிப்படை! தொழில் வளர்ந்தபோது உடையவர்கள் ஓர் உபாயம் கண்டனர். உள்ளூர் ஆட்சிக்கு ஒரு தொகை செலுத்தி, தம் நிறுவனத்தைக் கூட்டுடைமை என்று பதிவு செய்துகொண்டனர். இதனைச் 'சிவப்புத் தொப்பி அணிதல்' என்பர். தொப்பி தலையைக் காத்தது. உடைமையோ ஐயத்துக்கு இடமாயிற்று. நாளை பறிபோகலாம் என்று அஞ்சுபவன், பத்தாண்டு கழித்துப் பயன் தரும் ஆராய்ச்சியில் பொருளை இடுவானோ? விரைவில் விற்றுத் தீரும் பொத்தானையும் காலணியையுமே செய்வான். வென்சோ வட்டாரத்துக் காலணிகளின் தரக்கேட்டால் சினமுற்று, 1987 ஆகஸ்டு 8-ஆம் நாள் ஹாங்சோ நகரச் சதுக்கத்தில் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இணைகளை எரித்தனர். தனியார் நிறுவனத்தை அரசியலமைப்பு ஏற்றது 1988-இல்தான்.

அரசுக்கு உரியதாய்ப் பிறந்த நிறுவனத்தின் கதை இதனினும் நுட்பமானது. 1984-இல் பெய்ஜிங்கில், சீன விஞ்ஞானக் கழகத்தின் கணிப்பொறி ஆய்வு நிலையம் 2 இலட்சம் யுவான் முதலிட்டு, தன் ஊழியர் பதினொருவரைக் கொண்டு ஒரு சிறு கம்பெனியைத் தொடங்கிற்று. வாயிற்காவலர் அறையே அதன் அலுவலகம். கணிப்பொறியில் சீன எழுத்தைப் பதிக்க நி குவாங்நான் என்ற பொறியாளர் உருவாக்கிய அட்டை அதனை வாழ்வித்தது. பிற்காலத்து லெனோவோ அதுவே. பத்தாண்டு கழிந்ததும் நி, "சில்லுகளை நாமே வடிவமைப்போம்" என்ற கொள்கையை முன்வைத்தார். தலைவர் லியூ சுவான்ஜியோ, முதலில் வாணிகம், பின்னர் உற்பத்தி, அதன்பின்னரே தொழில்நுட்பம் என்ற வழியில் நின்றார். 1995-இல் நி தலைமைப் பொறியாளர் பதவியினின்று நீக்கப்பட்டார்.

லியூவைக் கோழை என்றுரைப்பது எளிது. யான் அவ்வாறு உரையேன். வெளிநாட்டுக் கணிப்பொறிகள் சந்தையில் புகுந்து நெருக்கிய காலம் அது. சில்லுக்கு வேண்டிய முதலோ பெரிது. ஆயினும் மற்றொன்றும் உண்டு. தாய்க் கம்பெனி விஞ்ஞானக் கழகத்தின் உடைமை. இலாபத்தில் 35 விழுக்காடு பெறும் உரிமை ஊழியர்க்குக் கிட்டியதே 1994-இல்தான். தோற்றால் பழி தமக்கு, வென்றால் பயன் பிறர்க்கு என்ற நிலையில் நீண்ட பயணத்துக்குத் துணிபவர் அரியர்.

தெற்கே ஷென்ஜென் நகரில், முன்னாள் படைப் பொறியாளர் ரென் ஜெங்ஃபெய் 1987-இல் 21,000 யுவான் முதலுடன் ஹுவாவே கம்பெனியைத் தொடங்கினார். ஹாங்காங்கிலிருந்து தொலைபேசி இணைப்பகக் கருவிகளை வாங்கி விற்றதே தொடக்கத் தொழில். வங்கிகள் தனியார்க்குக் கடன் தரத் தயங்கின. ஆதலின் 1990 முதல் ஊழியரிடமே பங்குகளை விற்றுப் பணம் திரட்டினார். 1990-களின் நடுவில் சொந்த வடிவமைப்பில் பெரிய இணைப்பகம் விற்பனைக்கு வந்தது. விற்பனை வருவாயில் 10 விழுக்காட்டை ஆராய்ச்சிக்கு ஒதுக்குதல் வேண்டும் என்று 1998-இல் விதியும் வகுத்தனர். பங்குச் சந்தையில் இடம்பெறாமையால், இவ்வாண்டு இலாபம் எங்கே என்று கேட்கும் வெளியார் அங்கு இலர்.

எனினும், வேலையை விட்டு நீங்குவோர் பொதுவாகத் தம் பங்கைக் கம்பெனியிடமே திருப்பித் தருதல் வேண்டும். வெளியே விற்றல் இயலாது. எனவே அது மெய்யான உடைமையன்று, இலாபத்தில் ஒரு கூறே என்று வாதிடுவாரும் உளர்.